வசந்தாமணி நடத்திய மரக்கொலை வழக்கு

வசந்தாமணியைப் பகைத்துக்கொள்வதற்குப் பதில் ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளலாம். ஓணானாவது குடைந்து முடித்ததும் போய்விடும். இவள் போகமாட்டாள். கலிஃபோர்னியாவில் சான் ரமோன் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். ஒரு பொங்கல் விழாவில் அவள் கொண்டுவந்த தக்காளி சாதத்தை யாரோ ஒரு அம்மாள் மேசையின் கோடிக்குத் தள்ளி வைத்துவிட்டாள் என்பதற்காக அந்த அம்மாளோடு ஒன்பது வருஷம் பேசவில்லை. பத்தாவது வருஷம் பேசினாள். பேசியதும் தக்காளி சாதத்தைப் பற்றித்தான்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக் குடும்பத்தில் பிறந்தவள். வாய்த்த வேலையும் குணத்துக்குப் பொருத்தமாக வாய்த்தது. சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமில் எங்கே ஓட்டை என்று தோண்டி எடுத்து, ஆதாரத்தோடு எழுதி, எழுதினவர் மூஞ்சிக்கு நேரே நீட்டுகிற வேலை. இருபது வருஷம் பிசினஸ் பார்க்கில் அதைச் செய்தாள். அவள் பிடித்த தப்பைத் தப்பில்லை என்று நிரூபித்த இன்ஜினியர் ஒருத்தரும் கிடையாது. தன் வேலையை யாராவது டெஸ்ட் பண்ண வேண்டுமே என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் ஓர் ஓக் மரம் நின்றது. முந்நூறு வயசு என்றார்கள். நாலு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்கலாம். மரம் யாருக்கும் சொந்தமில்லை. குடியிருப்புச் சங்கமான ஹெச்ஓஏ பராமரிக்கிற பொது நிலத்தில் நின்றது. ஆனால் வசந்தாமணியின் புருஷன் மணியன் ஆபீஸ் விட்டு வந்ததும் காப்பி டம்ளரோடு அதனடியில்தான் போய் உட்காருவார். அதற்கென்றே ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். நாற்காலியை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வெறும் நாற்காலியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? மரத்தையாவது பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினாள். தென்னைக்குக் கட்டுவதுபோல அடிமரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டினாள், மண் அணைத்தாள். இந்த ஊரில் மே மாசம் நிற்கிற மழை அக்டோபர் வரைக்கும் எட்டிப் பார்க்காது. வாயில்லா ஜீவன் மொட்டை வெயிலில் தொண்டை வறண்டு நிற்கிறதே என்று காலையில் இரண்டு வாளி, சாயங்காலம் அரை மணி நேரம் ஹோஸ் தண்ணீர். வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம். நாலு கோடை ஒருநாள் தவறவில்லை. ஊருக்குப் போனால்கூட மகள் தீக்ஷாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவாள்.

பக்கத்து வீடு வெங்கடகிருஷ்ணனுடையது. மயிலாப்பூர்க்காரர், நிதானமானவர், மனைவி ஷ்யாமளா. அவர் கூரையில் சோலார் போட்டபோதுதான் வினை பிறந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மர நிழல் பேனல்மேல் விழுகிறது, இரண்டு பெரிய கிளையை வெட்டித் தரணும் என்று ஹெச்ஓஏ கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். வசந்தாமணியும் எழுந்தாள்.

"ஏனுங்க, முந்நூறு வருஷமா நிக்குற மரம் நேத்து வந்த உங்க பேனலுக்கு வழி விடணுமுங்களா? பேனலைத் தூக்கி ஃப்ரண்ட் சைடு போடுங்க."

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. அவர் தோற்றார். தோற்ற மனுஷன் சும்மா இருப்பாரா? தான் தோற்றிருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டோம், ஆகவே அவரும் இருக்கமாட்டார் என்று வசந்தாமணி முடிவு கட்டினாள். உலகத்தை அவள் அளப்பது எப்போதும் தன் கை முழத்தால்தான்.

அடுத்த மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெங்கடகிருஷ்ணன் கையில் டிரில் மெஷினோடு மரத்துப் பக்கம் வேலியோரம் குனிந்திருந்தார். அதற்கடுத்த கோடையில் மரத்தின் உச்சி பழுப்பானது. பதறிப்போனவள் இரண்டு வாளியை நாலு வாளியாக்கினாள். பழுப்பு கீழே இறங்கியது. பட்டை வெடித்துக் கறுப்பாகக் கசிந்தது. ஒரு நாள் காற்றே இல்லாத நேரத்தில் பெரிய கிளை ஒன்று முறிந்து வேலியை நசுக்கியது. மரம் செத்துவிட்டது என்று ஹெச்ஓஏ ஆள் அனுப்பி அறுத்தது. அறுத்து முடிக்கும் வரை அவள் நகரவில்லை. வேலைக்காரர்களிடம் கேட்டு ஒரு வட்டத் துண்டை வாங்கிக் கராஜில் காருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள்.

மரத்தில் துளை போட்டு மருந்து ஊற்றினால் மரம் சாகும் என்று இன்டர்நெட் சொன்னது. அவளுக்கு அது போதும். துண்டின்மேல் கை வைத்து மணியன் பேரில் சத்தியம் பண்ணினாள். "இதக் கொன்ன ஆளை இந்த ஊர்ல தலை நிமுந்து நடக்க விட்டா நான் பொள்ளாச்சிக்காரி இல்ல."

"அம்மா, லெட் இட் கோ. யூ டோன்ட் ஈவன் ஹேவ் ப்ரூஃப்," என்றாள் தீக்ஷா.

"ப்ரூஃப் வரும். மொதல்ல பேரு நாறட்டும்."

நாறடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, மனசு வைத்து நாறடித்தாள். கோயில் பார்க்கிங்கில், மளிகைக் கடை க்யூவில், தமிழ் ஸ்கூல் வாசலில், வாட்ஸ்அப் குரூப்பில் என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? 'மரத்துக்கு வெஷம் வெச்சவரு' என்றால் யாரென்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்தது. தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிக்கு ஒரே பெயராக இருந்த வெங்கடகிருஷ்ணனை, எதிரே யாரையோ நிறுத்தித் தோற்கடித்தார்கள். ஒருமுறை அவர் வேலி ஓரம் வந்து, "மேடம், நான் ஒண்ணுமே பண்ணலை. என்ன நடந்ததுன்னு உக்காந்து பேசலாமா?" என்று கேட்டார். அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த நவராத்திரிக்கு ஷ்யாமளா வீட்டுக் கொலுவுக்கு ஆள் போகவில்லை. யார் யார் போகிறார்கள் என்று வசந்தாமணி தன் வீட்டு மாடியில் நின்றே பார்த்தாள். மொத்தம் நாலு பேர். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

பேரை நாறடித்தாயிற்று, ஆதாரம்தான் பாக்கி. அப்போதுதான் கம்யூனிட்டி சென்டர் பலகையில் நோட்டீஸைப் பார்த்தாள். வனக் காப்பாளர் பயிற்சி, பத்து சனிக்கிழமை, இலவசம். முடித்தவர்கள் ஊர் மக்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய் மரம், ஓடை, மண் பற்றிச் சொல்லித்தர வேண்டும். மரம் தெரிந்தவர்கள் நடத்துகிற வகுப்பு என்றால் மரத்தின் சாவும் தெரிந்திருக்குமே? அன்றைக்கே பேர் கொடுத்தாள்.

முதல் வகுப்பில் வட்டமாக உட்காரவைத்து, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் பறவைக்காக என்றார், ஒருவர் ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றார். வசந்தாமணி, "ஒரு கொலையைக் கண்டுபிடிக்க," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தது பர்வின் மட்டும்தான்.

பர்வின்தான் வகுப்பை நடத்துகிறவள். கீழக்கரைக் குடும்பம், சென்னையில் படித்தவள், காட்டு வேலையில் இருபது வருஷம் ஊறியவள். நாற்பது வயசு இருக்கும். தமிழ்க்காரி என்று தெரிந்ததும் வசந்தாமணி ஒட்டிக்கொண்டாள். காட்டுத்தீ பற்றிப் பாடம் நடந்தாலும், ஆடு மேய்த்துக் காய்ந்த புல்லைக் குறைப்பது பற்றி நடந்தாலும், கடைசியில் அவள் கேட்பது ஒரே கேள்வி.

"மரத்துக்கு மருந்து வெச்சா எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

"ஆன்ட்டி, உங்களுக்கு யார் மேலயோ செம கோவம்," என்பாள் பர்வின்.

வன்மத்தோடு படிப்பவள் அரைகுறையாகப் படிக்கமாட்டாள். இலையின் ஓரத்தை வைத்து மூன்று வகை ஓக்கைப் பிரிக்கக் கற்றாள். ஓடைக்கரை மண் ஏன் சரிகிறது என்று கற்றாள். எந்த விதையை எந்தப் பறவை புதைக்கிறது என்று கற்றாள். வகுப்பில் அவள் நோட்டுத்தான் முதல் நோட்டு. பத்தாவது சனிக்கிழமை ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து ஊர் மக்கள் முன்னால் பேசவேண்டும் என்றதும், வசந்தாமணி தன் வீட்டுப் பின்னால் இருந்த அடிக்கட்டையின் பேரைக் கொடுத்தாள். தலைப்பு: 'கொலை செய்யப்பட்ட மரம்.' தமிழ்க் குரூப் முழுக்க அழைப்பு அனுப்பினாள். வெங்கடகிருஷ்ணன் வீட்டுக் கதவிலும் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு வந்தாள். அத்தனை பேருக்கு நடுவில் பேரைச் சொல்லி, ஆதாரத்தை எடுத்து நீட்டி, அந்த முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். இருபது வருஷ வேலையில் இல்லாத ஆசை அது.

ஏழாவது வகுப்பு முடிந்ததும் ஆதாரத்துக்காகப் பர்வினைக் கூட்டிவந்தாள். பர்வின் முதலில் கராஜில் இருந்த துண்டைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு வெளியே போய் அடிக்கட்டையைச் சுற்றி மண்டியிட்டு ஊர்ந்தாள். டிரில் துளை ஒன்றும் இல்லை. பாத்தி மண்ணை ஒதுக்கி, கத்தியால் பட்டையை நெம்பினாள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வெள்ளையாக, விசிறி விரித்த மாதிரி ஏதோ படர்ந்து காய்ந்திருந்தது.

"இது வெஷம் இல்ல ஆன்ட்டி. பூஞ்சை. வேர் அழுகிருக்கு."

"அது எப்படிங்க வரும்?"

"இந்த மண்ணுல எப்பவும் கொஞ்சம் இருக்கும். இங்க கோடை காஞ்சு கெடக்கறதால அடங்கிக் கெடக்கும். இந்த மரத்துக்கு சம்மர்னா விரதம். ஆறு மாசம் ஒரு சொட்டு வேணாம், அப்படியே பழகின ஜாதி. சம்மர்ல அடிமரத்துல டெய்லி தண்ணி விட்டா பூஞ்சைக்குக் கொண்டாட்டம், வேரைத் தின்னுரும். மண்ணை வேற அணைச்சு, வேர் ஆரம்பிக்கற கழுத்து வரைக்கும் மூடிருக்காங்க." பர்வின் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "வருஷக்கணக்கா தண்ணி ஊத்திருக்காங்க. பக்கத்து வீட்டு ஸ்ப்ரிங்க்ளர் லீக்கா? யாருன்னு தெரியுமா?"

வசந்தாமணியின் பார்வை வேலியோரம் கிடந்த வாளிமேல் போய் நின்றது. நாலு வாளி. மரம் வாடுகிறதே என்று இரண்டை நாலாக்கினாளே, அந்த நாலு வாளி.

பர்வின் கேட்ட கேள்வியிலேயே பதிலும் இருந்தது, கவனித்தீர்களா? ஆமாங்க, பக்கத்து வீட்டு ஸ்ப்ரிங்க்ளர்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிரில்லுக்குப் பதில் ஸ்ப்ரிங்க்ளர். கொலைகாரர் அதே ஆள். ஆதாரமும் வந்தாயிற்று, நிபுணர் வாயாலேயே. வசந்தாமணியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது அந்த வார்த்தை.

"தெரியலீங்க," என்றாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். பச்சை நாற்காலியைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். வாளியைக் குப்பையில் போட்டாள். மறுநாள் போய் எடுத்துவந்தாள். வெங்கடகிருஷ்ணன் காரை எடுக்கும் சத்தம் கேட்டால் கோபம் பொங்கியது. ஆமாம், இன்னும் அவர் மேல்தான் கோபம்! இந்த மனுஷன் ஏன் குற்றவாளியாக இருந்து தொலைக்கக்கூடாது? இரண்டு வருஷமாக அடுப்பில் வைத்துக் காய்ச்சிய வன்மம், கொட்ட இடமில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சை ரத்து பண்ணிவிடலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் சத்தியம் ஒன்று இருக்கிறதே. கொன்ற ஆளை இந்த ஊரில் தலைநிமிர விடமாட்டேன் என்று மணியன் பேரில் சொன்ன சத்தியம். ஆள் மாறிவிட்டது என்பதற்காகச் சத்தியம் மாறுமா? வசந்தாமணி யாரையும் சும்மா விட்டவளில்லை. இவளை மட்டும் எதற்கு விடவேண்டும்?

பத்தாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். வம்பு என்றால் நம் ஜனம் நேரத்துக்கு வரும். வெங்கடகிருஷ்ணனும் வந்திருந்தார், நீலத் தொப்பி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில். பக்கத்தில் ஷ்யாமளா. எது வந்தாலும் நேரே நின்று கேட்டுவிடுவது என்று வந்தவர்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

வசந்தாமணி அடிக்கட்டையின்மேல் வாளியை வைத்தாள்.

"இந்த மரத்தைக் கொன்னது யாருன்னு நானு ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். கொன்னது நான். இந்த வாளிலதான். நாலு சம்மர், தினமும் தண்ணி ஊத்துனேன். எங்கூர்த் தென்னைக்குக் கட்டற மாதிரி பாத்தி கட்டுனேன். இந்த மரம் தென்னை இல்ல. இது தண்ணியே கேக்கல, நான்தான் விடல." பட்டையைப் பிரித்து வெள்ளை விசிறியைக் காட்டினாள். "உங்க வீட்டுப் பக்கம் ஓக் இருந்தா அடில புல்லு போடாதீங்க, மண்ணு அணைக்காதீங்க, கோடைல தண்ணி விடாதீங்க. புண்ணியம்னு நெனச்சுச் செய்யாதீங்க. இந்த மண்ணுல எது புண்ணியம்னு கேட்டுட்டுச் செய்யுங்க." பிறகு முன்வரிசையைப் பார்த்தாள். "இவரு அன்னைக்கு டிரில்லைப் புடிச்சது எதுக்குன்னு நான் ஒரு வார்த்தை விசாரிக்கல."

"வேலிப் பலகை ஆடித்து. ஸ்க்ரூ போட்டேன்," என்றார் வெங்கடகிருஷ்ணன்.

வசந்தாமணி இரண்டு கையையும் கூப்பினாள். அவர் கூப்பவில்லை. ஷ்யாமளாதான் ஓரடி முன்னால் வந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"அறுபது பேருக்கு சுண்டல் பண்ணியிருந்தேன்," என்றாள். அவ்வளவுதான். திரும்பி நடந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

செருப்பால் அடித்திருந்தால் வசந்தாமணி வாங்கிக்கொண்டிருப்பாள். இதை எங்கே போய் வாங்கி வைப்பது? மாடியில் நின்று நாலு தலையை எண்ணியது அவளுக்கு நினைவு வந்தது.

மாசத்தின் முதல் சனிக்கிழமைதோறும் வசந்தாமணி அந்த நடையை நடத்துகிறாள். ஓடைக்கரையில் ஆரம்பித்து, மேட்டில் ஏறி, உயிரோடிருக்கிற ஓக் மரங்களைக் காட்டி, கடைசியில் அடிக்கட்டைக்கு வருவாள். அவள் சொல்லி அந்த வட்டாரத்தில் எட்டு வீட்டில் மரத்தடிப் புல்லைப் பெயர்த்துவிட்டு ஸ்ப்ரிங்க்ளரை அடைத்தார்கள். நல்ல காப்பாளர் என்று பேர் வாங்கிவிட்டாள். வெங்கடகிருஷ்ணனும் மாசா மாசம் வருகிறார். ஓடைக்கரைக்கு வருவதில்லை, மேட்டுக்கும் வருவதில்லை. கூட்டம் அடிக்கட்டைக்கு வரும் நேரம் பார்த்து, நீலத் தொப்பியோடு வேலியைத் தாண்டி வந்து முன்னால் நிற்பார். ஸ்கூல் பையன் மாதிரிக் கையைத் தூக்குவார்.

"ஒரு கேள்வி. இந்த மரத்தைக் கொன்னது யாரு?"

"நாந்தாங்க."

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வேறு பேச்சு கிடையாது. ஒன்பது மாசமாக இதுதான் நடக்கிறது.

பர்வினுக்குப் பொறுக்கவில்லை. "ஆன்ட்டி, இது டூ மச். நான் அவர்கிட்ட பேசறேன். இனிமே வராதீங்கன்னு டீசன்ட்டா சொல்லிடறேன்."

"வேண்டாங்க, வரட்டும். அவரு எடத்துல நான் இருந்தா மாசத்துக்கு ஒருக்கான்னு விட்டிருப்பனா? வாரா வாரம் வந்திருப்பேன்."

போன மாசம் முதல் சனிக்கிழமை கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. ஒருத்தரும் வரவில்லை. வசந்தாமணி மட்டும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடைக்கரையில் பத்து நிமிஷம் நின்றாள். பிறகு, வந்ததுக்கு ஒரு நடை நடந்துவிட்டுப் போவோம் என்று தனியாகவே மேட்டில் ஏறி, அடிக்கட்டைக்கு வந்தாள். குடையோடு வெங்கடகிருஷ்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார். தொப்பி நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"இந்த மரத்தைக் கொன்னது யாரு?"

"நாந்தாங்க."

அவர் போகவில்லை. குடைக்குக் கீழே தலையைச் சாய்த்துக் காதை நீட்டினார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கோ. பின்னாடி இருக்கறவாளுக்குக் கேக்கலை."

அவர் பின்னால் மழையும் வெறும் பாதையும்தான் இருந்தன. வசந்தாமணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். நாற்பது பேர் நின்றால் எவ்வளவு சத்தமாகச் சொல்வாளோ, அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.